நல்ல ஆளே இல்லையா?

தொழில்முறைச் சங்கம் என்றால் பலருக்குச் சந்தா கட்டுவதோடு சரி. அப்புறம் குறை சொல்வது.

ஆனால் எஸ்.ஆர்.ரங்கநாதன் அப்படி இல்லை. அவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வந்த புதிதில் அந்த வேலையே அவருக்குப் பிடிக்கவில்லை! அப்போது சென்னையில் நூலகர்களுக்குப் பயிற்சியும் கிடையாது. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. செயலாளர் பொறுப்பை அவரே ஏற்றார். அடுத்த வருஷமே சங்கம் பயிற்சி வகுப்பு தொடங்கியது. பொது நூலகச் சட்டம் வேண்டும் என்று அவர் தொடர்ந்து முயன்றார். 1948-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டமும் வந்தது.

சமீபத்தில் ஒருத்தர் அலுத்துக்கொண்டார்: "எங்க சங்கத்துல நல்ல ஆளே இல்லைங்க!"

"நீங்க அதுல உறுப்பினரா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? இருபது வருஷமா இருக்கேன்!"