கொண்டி மகளிர்: சொல்லும் பொருளும்

பழந்தமிழகத்தில் சிறைப்பட்டோர் நிலையை ஆராயக் கூடியிருக்கும் இந்த அவையில், ஒரே ஒரு தொடரை உங்கள் முன் வைக்கிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் சோழ மன்னன் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில் 'கொண்டி மகளிர்' வருகிறார்கள். உண்துறையில் நீராடி, அந்தியில் அணையாவிளக்கு ஏற்றுகிறார்கள். மெழுகிப் பூவிட்ட பொதியிலில், அதாவது ஊர்ப் பொதுமன்றத்தில், ஊரார் தொழுகிறார்கள், வழிப்போக்கர் தங்குகிறார்கள். பகைவர் மனைகளிலிருந்து பிடித்துவரப்பட்ட மகளிர் என்று இவர்களுக்கு உரை கூறுகிறார் நச்சினார்க்கினியர். அவர் சொன்னதே சரி என்பது என் முடிவு. உண் என்னும் வினையிலிருந்து உண்டி பிறந்ததுபோல், கொள் என்பதிலிருந்து கொண்டி பிறந்தது. பதிற்றுப்பத்தில் இச்சொல் போரில் கொண்ட கொள்ளைப் பொருளையே குறிக்கிறது. பொருளுக்கு இட்ட பெயரைப் பெண்களுக்கும் இட்டிருக்கிறார்கள்.

இதற்கு மறுப்பு உண்டு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் இதே தொடர் செல்வரை மயக்கிப் பொருள் கவரும் பரத்தையரைக் குறிக்கிறது. ஆகவே பட்டினப்பாலையிலும் அதுவே பொருள் என்பார்கள். ஆனால் மாங்குடி மருதனார் பாட்டில் அம்மகளிர் பிறர் பொருளைக் கொள்பவர்கள். பட்டினப்பாலையில் அவர்கள் எதையும் கொள்ளவில்லை. விளக்கேற்றும் பணி ஒன்றே சொல்லப்படுகிறது. கொள்பவருக்கும் கொள்ளப்பட்டவருக்கும் ஒரே சொல் இடம் தருகிறது. எது பொருந்தும் என்பதை இடம்தான் தீர்மானிக்க வேண்டும். விளக்கேற்றுவது தூய பணியாயிற்றே, அதை அடிமைநிலை என்னலாமா என்பது இன்னொரு மறுப்பு. பணியின் தூய்மை வேறு, பணிசெய்பவரின் உரிமை வேறு. ஊரார் தொழுதது பொதியிலில் இருந்த கந்து என்னும் தெய்வத் தூணை, விளக்கேற்றியவர்களை அல்ல.

இம்மகளிரைக் கரிகாலன் பிடித்துவந்து சோழர் துறைமுகமான புகாரில் வைத்தான் என்று எழுதுவோரும் உண்டு. பாட்டின் போக்கு அதற்கு இடம் தரவில்லை. அந்தப் பொதியில் கரிகாலன் பாழாக்கிய பகைவர் நாட்டில் இருந்தது. மகளிர் விளக்கேற்றிய அதன் தூண்களில் இப்போது யானைகள் உராய்கின்றன என்கிறார் புலவர். அப்படியானால் பெண்களைக் கவர்ந்துவருவது தோற்றவர் நாட்டிலும் இருந்த வழக்கம். ஓர் அரசனின் தனிக் கொடுமை அல்ல. அதே பாட்டில் கரிகாலனும் சிறைப்பட்டவனாகவே அறிமுகமாகிறான். கூட்டில் வளர்ந்த புலிக்குட்டிபோல் பகைவரின் 'பிணியகத்தில்' வளர்ந்தவன். பிணி என்பது கட்டு. கட்டை அறுத்து அவன் வெளியேறினான், அரசனானான். கொண்டி என்பதோ ஆளுக்கே ஆன பெயர். அதிலிருந்து அம்மகளிர் மீண்டதாகப் பாட்டு சொல்லவில்லை. இந்த வழக்கம் பின்னாளிலும் தொடர்ந்தது. போரில் பிடித்த மகளிரை வைக்கும் இடமான 'வேளம்' பாண்டியர் மகளிர் புகுந்ததைக் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. வேளம் என்ற சொல் சோழர் கல்வெட்டுகளிலும் இருக்கிறது.

ஆகவே ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். 'கொண்டி மகளிர்' என்ற தொடருக்குப் பரத்தையர் என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பு எழுதிக் கடந்துவிடாதீர்கள். இலக்கியச் சான்றுகளையும் வேளக் கல்வெட்டுகளையும் ஒருசேர வைத்து, போரில் கவரப்பட்ட பெண்களின் வரலாற்றை எழுதுங்கள். அரசர் வெற்றிகளை விரிவாக எழுதிய நாம் இவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் அது. அந்தப் பணிக்கு இந்த மாநாடு வழிவகுக்கட்டும் என்று வாழ்த்தி, இதைத் தொடங்கி வைக்கிறேன்.