பச்சை மலைக்கு எத்தனை பச்சை



மலேசியாவின் கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் கைப்பேசியில் காட்டும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம், வளைந்து இறங்கும் நிரைகள், மலை முகட்டில் கொஞ்சம் மூடுபனி. அதையே தூரிகை பிடித்து வரைந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களும் நம்மில் உண்டு. இன்றைய பேச்சு அவர்களுக்காக. தேயிலை மலையை நீர்வண்ணத்தில் தீட்ட என்ன கற்க வேண்டும் என்று கேட்டால், வண்ணப் பெட்டியைத் திறப்பதற்கு முன் தோட்ட வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

புதிதாக வரைகிறவர்கள் முதலில் சறுக்குவது பச்சையில். சாப் கிரீன் என்று குழாயில் வரும் வண்ணத்தைக் கரைத்து மலை முழுவதும் பூசிவிடுவார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் பிளாஸ்டிக் புல்தரை மாதிரி இருக்கும். அந்த மலையில் வேலை செய்த ஒரு பாட்டியை அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இந்தப் பக்கம் கொழுந்து நிற்கிறது, அந்தப் பக்கம் இப்போதுதான் எடுத்திருக்கிறார்கள், அதற்கு மேலே கவாத்து, அதாவது செடியை வெட்டிவிட்ட இடம் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஓவியருக்கு வேண்டியது அந்தக் கண்.

கொழுந்து நிற்கும் இடம் இளம்பச்சை. வெயில் பட்டால் ஏறக்குறைய மஞ்சள். எடுத்து முடித்த இடத்தில் முற்றிய இலைதான் மேலே தெரியும். அது கரும்பச்சை, பளபளப்பான இலை வானத்து ஒளியை வாங்கித் திருப்புவதால் சில நேரம் நீலம் தட்டும். கவாத்து செய்த இடத்தில் பச்சைக்கே வேலையில்லை, சாம்பலும் பழுப்புமாகக் குச்சிகள்தாம். ஒரே சரிவில் இத்தனையும் துண்டு துண்டாகக் கிடக்கும். கொழுந்து எடுப்பது சில வாரங்களுக்கு ஒருமுறை சுற்றி வருவதால் இந்தத் துண்டுகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் வரைந்த மலையை இந்த மாதம் அதே வண்ணங்களில் வரைய முடியாது.

ஆகவே பச்சையை நீங்களே கலந்துகொள்ளுங்கள். அல்ட்ராமரின் நீலமும் லெமன் மஞ்சளும் போதும். மஞ்சளைக் கூட்டினால் கொழுந்து, நீலத்தைக் கூட்டினால் முற்றல். பச்சை கூச்சலிட்டால் பர்ன்ட் சியன்னா ஒரு துளி. அதிலுள்ள சிவப்பு பச்சையை அடக்கிவிடும். அதற்கும் முன்னால் பென்சிலை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே, நடுத்தரம் எங்கே என்று உள்ளங்கை அளவில் ஒரு வரைவு போடுங்கள். அந்த மூன்றும் சரியாக விழுந்துவிட்டால் வண்ணம் சற்றுப் பிசகினாலும் படம் நிற்கும்.

அடுத்தது நிரை. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இந்தச் சரிவுகள் காடு. காடு அழித்து, நிரை பிடித்து, கன்று நட்ட கைகளில் நம்மவர் கைகள் ஏராளம். இந்த நிலக்காட்சிக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. உழைப்பில் உருவான காட்சி இது. நிரைகள் சரிவின் மேடு பள்ளத்தை ஒட்டி வளைவதால், அவற்றைச் சரியாக வளைத்தாலே மலைக்கு உடம்பு வந்துவிடும். கிட்டத்தில் இடைவெளி அகலம், தள்ளிப் போகப் போக நெருக்கம். எல்லா நிரையையும் வரையாதீர்கள். நான்கைந்தைக் கவனமாக வரைந்தால் மீதியைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும்.

நேரமும் முக்கியம். 1982-இல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை முன்னே தள்ளியதிலிருந்து நமக்குச் சூரியன் உதிக்கக் காலை ஏழு தாண்டிவிடுகிறது, உச்சிக்கு வர மதியம் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. உச்சி வெயிலில் நிரைகளுக்கு இடையில் நிழல் விழாது. மலை ஒரு பச்சைச் சுவராகிவிடும். காலை எட்டு மணிக்குச் சாய்ந்து வரும் வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு நிரையும் தன் நிழலைக் காட்டும். பிற்பகலை நம்ப வேண்டாம், மழை பிடித்துக்கொள்ளும்.

பொழுதைக் குறித்துவைக்கவும் பழகுங்கள். இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் என்ற ஓவியர் 1821, 22-இல் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் வானத்தை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்தார். பல வரைவுகளின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்திருக்கிறார். நம் தொல்காப்பியம் நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றதை ஓவியர்கள் இப்படித்தான் கடைப்பிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். உங்கள் வரைவின் பின்புறம் நீங்கள் கூடுதலாக ஒரு வரி எழுதுங்கள்: கொழுந்து எடுத்து எத்தனை நாளாயிற்று என்று.

மூடுபனிக்கு வெள்ளை வண்ணம் வேண்டாம், தாளின் வெள்ளையே போதும். சீன ஓவியர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவருவது இதுதான். பதினோராம் நூற்றாண்டில் குவோ ஷி என்ற ஓவியர் மலையைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது, முன்மலையைக் கடந்து பின்மலையைப் பார்ப்பது, கிட்டத்து மலையிலிருந்து தூரத்து மலையைப் பார்ப்பது என்று தொலைவை மூன்றாகப் பிரித்தார். கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊருக்குப் போகும் பாதையில் மூன்றும் கிடைக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள். இங்குள்ள தானா ராத்தா ஊரே 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்றில் ஈரம் அதிகம். கோலாலம்பூரில் சட்டென்று காயும் தாள் இங்கே ஈரமாகவே கிடக்கும். ஈரத்தின் மேல் ஈரம் வைத்து மலை விளிம்பைக் கரைக்க இது வசதி, அவசரக்காரர்களுக்கு வேதனை.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பினாங்கில் யோங் முன் சென், அப்துல்லா அரிஃப் இருவரும் மலாயாவின் கரையையும் தோப்பையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர்கள். கோயம்புத்தூரில் பிறந்து, பிற்பாடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் எழுத்தும் குறியீடுமான ஓவியங்களால் பெயர் பெற்றவர். அவரும் தொடக்கத்தில் நிலக்காட்சி வரைந்து கை பழகியவர்தான்.

கடைசியாக, மனிதர்கள். கூடை சுமந்து கையால் கிள்ளும் பெண்களைப் பழைய அஞ்சலட்டையிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். இன்று மலையில் பெரும்பாலும் பெரிய கத்தரியோடு நிற்கிறவர்களையும், இயந்திரத்தை இருவராகத் தூக்கிச் செடிகள்மேல் நகர்த்துகிறவர்களையும்தான் பார்ப்பீர்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று பல ஊர்க்காரர்கள். செடி அவர்கள் இடுப்பளவு. அந்த அளவு சரியாக அமைந்தால் மலை எவ்வளவு பெரியது என்பது தானாகத் தெரியும். பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வரிவரியாக மின்னும். பலர் அவற்றை விட்டுவிட்டு வரைகிறார்கள். நான் விடச் சொல்லமாட்டேன், அதுவும் கேமரன் மலைதான். மூடுபனியைப் போலவே கூரைக்கும் தாளின் வெள்ளையை விடுங்கள். பனிக்கு விளிம்பைக் கரையுங்கள். கூரைக்கு விளிம்பைக் கூர்மையாக நிறுத்தி, மடிப்பில் சாம்பல் நீலத்தில் ஒரு மெல்லிய கோடு போடுங்கள்.