அடுக்களையும் அரசியலும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மாதர் பகுதியில் செய்த பிரசங்கம்)



மேடையேறிப் பேசும் பழக்கம் எமக்கில்லை. நாற்பதாண்டுகள் அடுப்பின் முன் நின்ற அநுபவம் ஒன்றே எமது யோக்கியதை. "சமையலைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்" என்று காரியதரிசி அவர்கள் கேட்டபொழுது வற்றற்குழம்பின் பக்குவத்தை எதிர்பார்த்தனர் போலும். அது நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டக் காய்ச்சுவதில் இருக்கின்றது, வேறு இரகசியமில்லை. யாம் பேச வந்தது வேறு.

எமக்குச் சமையல் கற்பித்தவர் எம் மாமியார். அவருக்குத் துணையாயிருந்தது 1951-ஆம் ஆண்டில் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் புத்தகம். இப்பொழுதோ கற்பிப்பது தொலைக்காட்சி. 2019-இல் விஜய் தொலைக்காட்சியில் 'குக்கு வித் கோமாளி' தொடங்கிற்று. 2021-இல் சன் தொலைக்காட்சியில் 'மாஸ்டர் செஃப்' வந்தது. எம் வீட்டார் யாவரும் கூடியிருந்து கண்டனர். அங்கே காய்கள் நறுக்கியபடியே கிண்ணங்களில் வந்து நிற்கும். பாத்திரம் துலக்குவோரைக் காட்டுவதேயில்லை. நடுவர் ஒரு கரண்டி சுவைத்து மதிப்பெண் இடுவர். எம் வீட்டு நடுவர்களோ உப்புக் குறைந்தாலன்றி வாய் திறவார்! ஆயினும் ஒரு நன்மையை மறைத்தல் தகாது. ஆண்மக்கள் கரண்டி பிடிப்பதை நாடோறும் கண்டதனால் எம் புதல்வன் ஞாயிறுதோறும் தோசை வார்க்கத் தொடங்கினான். முதல் மாதம் யாவும் கல்லோடு ஒட்டிக்கொண்டன.

அரசியலும் இவ்வழியே எம் அடுக்களைக்குள் நுழைந்தது. புதுக்கோட்டை ஜில்லா சின்னவீரமங்கலத்தில் ஒரு பாட்டனாரும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் வயல்வெளியில் பெரும் பாத்திரங்களில் சமைத்து யூட்யூபில் காட்டி வருதலை நம்மவர் பலர் அறிவர். 2021 ஜனவரியில், சட்டசபைத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த வேளையில், ராகுல் காந்தி அவர்கள் அக்குழுவினரோடு கூடி, காளான் பிரியாணியைத் தரையில் அமர்ந்து இலையில் உண்டார். அதைக் கண்டவுடன் எம் கணவர் "ஓட்டுக்கான வேஷம்" என்றார், கொழுந்தனார் மறுத்தார், இருவரும் இரவு உணவு முடியுமட்டும் பேசிக்கொள்ளவில்லை. எமக்குப் பட்டது வேறு. சேர்ந்திருந்து உண்பது இன்னும் ஒரு செய்தியாக அல்லவோ இருக்கின்றது?

நூறாண்டுகளுக்கு முன்னும் அது செய்தியாகவே இருந்தது. வ.வே.சு. ஐயர் அவர்கள் 1922-இல் தோற்றுவித்த சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி இட்டதனால் எழுந்த கிளர்ச்சி, 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கிற்று. வரதராஜுலு நாயுடு அவர்களும் ஈ.வெ. ராமசாமி அவர்களும் அதனை எதிர்த்து நின்றனர். நம் சங்கத்துப் பெரியோர் பலர் அக்கதையைப் பெருமிதத்தோடு எடுத்துரைக்க யாம் கேட்டிருக்கின்றோம். பிறர் நம்மைத் தள்ளி உட்காரவைத்த கதை நம் நினைவில் நன்றாகவே நிற்கின்றது.

2023 செப்டம்பரில் பள்ளிக் காலை உணவைப் பற்றி வேறொரு செய்தி வந்தது. தூத்துக்குடி, கரூர் ஜில்லாக்களில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்தாள் என்பதற்காகச் சிலர் தம் குழந்தைகளை உண்ணவிடவில்லை. அதிகாரிகள் நேரிற் சென்று குழந்தைகளோடு உண்ணவேண்டியதாயிற்று. "என்ன அநியாயம்!" என்று யாம் உரக்கச் சொன்னோம். அருகிலிருந்த எம் பேத்தி, ஒன்பது வயதினள், "பாட்டி, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு மட்டும் ஏன் தம்ளர் கொல்லை மாடத்தில் இருக்கிறது?" என்றாள்.

பதினோராண்டுகளாக அத்தம்ளர் அங்கேதான் இருந்தது. அதை அங்கே வைத்தவர் எம் மாமியாரல்லர்; யாமே. தொலைக்காட்சியில் சமைப்போர் எக்குலம் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அவர்கள் சுவைத்த கரண்டியைக் கண்டு நாவூறியிருந்தோம். குழந்தைக்கோ, "அவளுக்குப் பெரிய தம்ளர்தான் பிடிக்கும்" என்று பொய் சொன்னோம். அவள் எழுந்து சென்று, அத்தம்ளரை எடுத்து வந்து, தன் பாலை அதில் ஊற்றிக் குடித்தாள்.

மறுநாள் தம்ளரை உள்ளே அலமாரியில் வைத்தோம். அந்த அம்மாள் மாடத்தில் தேடிவிட்டு, "என் தம்ளர் எங்கேம்மா?" என்று வினவினாள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அவள் எடுக்கவில்லை, வாயிற்படியிலேயே நின்றாள். தானாக உள்ளே வந்து எடுத்துக்கொள்ள அவளுக்கு நான்கு நாட்களாயின. அந்நான்கு நாட்களும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச எமக்குக் கூசிற்று.

இன்றிரவு விருந்துக்குச் சமைத்த மாதரும், பாத்திரம் துலக்க வந்தவர்களும் இக்கொட்டகையின் பின்புறம் இருக்கின்றனர். வழக்கப்படி அவர்கள் கடைசிப் பந்தி; பாயசம் பெரும்பாலும் அதற்குள் தீர்ந்துவிடும். அவர்களுக்கு முதற்பந்தியில் இலை போடவேண்டுமென்று காலையிலேயே காரியதரிசி அவர்களிடம் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கின்றார். பரிமாற நம் இளைஞர் நால்வர் இசைந்துள்ளனர். இலை போடும் நேரம் நெருங்கிவிட்டதாதலின், இவ்வளவில் அமர்கின்றோம்.