நம் பிரச்சினையா இது? பால்புதுமையர் சமூகமும் புகைப்பழக்கமும்

 

தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட பால்புதுமையரிடையே நிலவும் புகைப்பழக்கமும், அதைப் பற்றி அவர்கள் கொண்டிருக்கும் எண்ணங்களும் இந்தக் கருத்தரங்கின் பொருள். இந்த இரண்டில் எண்ணங்களைப் பற்றியே நான் அதிகம் பேசப்போகிறேன். எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. இத்தனை பேரைக் கொல்லும் ஒரு பழக்கத்தைச் சமூகத்தின் தலைவர்களே ஏன் நெடுங்காலம் தங்கள் பிரச்சினையாக எண்ணவில்லை என்ற கேள்விதான் கடினமானது. இதற்கு மிக விரிவான ஆவணச் சான்றுகள் அமெரிக்காவில் கிடைக்கின்றன. ஆகவே என் பேச்சு பெரும்பாலும் அந்த நாட்டைப் பற்றியே இருக்கும்.

முதலில் எண்ணிக்கை. போர்ட்லேண்ட், டூசான் ஆகிய இரு நகரங்களின் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றை ரான் ஸ்டாலும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்டார்கள். அதில் 48 விழுக்காட்டினர் புகைத்தார்கள். மதுக்கூடங்களில் ஆள் திரட்டிக் கணக்கெடுத்தால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும் என்று அக்காலத்தில் ஒரு தடை எழுந்தது. நியாயமான தடைதான். ஆனால் அந்தக் குழு வீடுகளிலும் மாதிரி எடுத்திருந்தது. பிறகு 2013-இல் அமெரிக்காவின் தேசிய உடல்நல நேர்காணல் கணக்கெடுப்பு முதன்முறையாகப் பாலீர்ப்பைப் பற்றிய கேள்வியைச் சேர்த்தது. அந்த ஆண்டில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்டவர்களில் 26.6 விழுக்காட்டினரும் எதிர்பாலீர்ப்பு கொண்டவர்களில் 17.6 விழுக்காட்டினரும் சிகரெட் பிடித்தார்கள். 2020-இல் அது 16.1, 12.3 என்று இறங்கியது. இரு தரப்பிலும் பழக்கம் குறைந்திருக்கிறது, இடைவெளியும் சுருங்கியிருக்கிறது. ஆனாலும் அது மறையவில்லை. இந்தச் சமூகத்துக்குள்ளேயே இருபாலீர்ப்புப் பெண்களிடம் பழக்கம் மிகுதி என்று பல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. அவர்களைப் பற்றித் தனியாக எழுதப்பட்டதோ மிகக் குறைவு.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? பாலீர்ப்பு ஒருவரைப் புகைபிடிக்க வைப்பதில்லை. இதை இந்த அரங்கில் உரக்கச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய், ‘இவர்கள் இயல்பே இப்படித்தான்’ என்று பேசுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். இலான் மேயர் 2003-இல் விரிவாக எழுதிய ‘சிறுபான்மை மன அழுத்தம்’ என்ற கோட்பாடு இதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. வீட்டில் மறைக்க வேண்டும், பள்ளியில் கேலியைத் தாங்க வேண்டும், வேலையிடத்தில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேச வேண்டும். எவனாவது அடிப்பானோ என்று தெருவில் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். நாள்தோறும் சுமக்கும் இந்தப் பாரம் உடலையும் மனத்தையும் தேய்க்கிறது. நிக்கோட்டின் அதற்குச் சில நிமிட ஆறுதல் தருகிறது, பிறகு தன்னையே தேட வைக்கிறது.

இதோடு இடமும் சேர்ந்துகொண்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க நகரங்களில் இவர்கள் ஓரளவேனும் அச்சமின்றி ஒருவரையொருவர் சந்திக்க முடிந்த இடம் பெரும்பாலும் மதுக்கூடம்தான். அங்கேயும் காவல்துறை வந்து கதவைத் தட்டியது. 1969-இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் வெடித்த எதிர்ப்பும் ஒரு மதுக்கூடத்தில்தான் தொடங்கியது. நட்பு, காதல், அரசியல், துக்கம் எல்லாமே அந்தப் புகைமூட்டத்துக்குள் நடந்தன. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சைத் தொடங்க, தீப்பெட்டி கேட்பதைவிடப் பாதுகாப்பான வழி வேறு இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் மதுக்கூடங்களுக்குள் புகைபிடிப்பது 1998 சனவரி முதல் நாள் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை பலருடைய உயிரைக் காத்தது என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், ஒருவருடைய பழக்கத்தைச் சட்டத்தால் மாற்றும்போது அந்தப் பழக்கம் எந்த உறவுகளைத் தாங்கி நின்றது என்பதையும் ஆய்வாளர் பார்க்க வேண்டும்.

இனி, இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்தும் பகுதிக்கு வருகிறேன்.

வட கரோலினா புகையிலை விளையும் மாநிலம். அதன் அன்றைய செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் தன்பாலீர்ப்பாளர்களைக் கடுமையாக எதிர்த்தவர். எய்ட்ஸ் கொத்துக் கொத்தாக உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்த 1987-இல், தன்பாலீர்ப்பை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பணிகளுக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர். மார்ல்பரோ சிகரெட்டைத் தயாரிக்கும் ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் அவருக்குப் பண உதவி செய்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ‘ஆக்ட் அப்’ இயக்கத்தினர் 1990-இல் வெகுண்டெழுந்து மார்ல்பரோவையும், அப்போது அதே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த மில்லர் பீரையும் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார்கள். மதுக்கூடங்கள் பல மில்லர் பீரை விற்க மறுத்தன. பெரும் போராட்டம் அது. 1991-இல் முடிந்தது. எய்ட்ஸ் பணிகளுக்குத் தரும் நன்கொடையைக் கூட்டுவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. போராடியவர்களில் ஒரு பகுதியினர் இதை வெற்றி என்றார்கள், மற்றவர்கள் ஏமாற்றம் என்றார்கள்.

அந்தப் புறக்கணிப்பின் கோரிக்கைகளுக்குள் சிகரெட் உயிரைக் குடிக்கிறது என்பது இடம்பெறவில்லை. கோபம் ஹெல்ம்ஸுக்குப் போன பணத்தின் மேல் இருந்தது, சிகரெட்டின் மேல் இல்லை. எதிரியாக அறிமுகமான நிறுவனம் நன்கொடையாளராகப் படியேறியது. அடுத்த ஆண்டே, 1992-இல், தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான ‘ஜான்ரா’ என்ற இதழில் அதன் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் விளம்பரம் வந்தது. ஆஃபன், ஸ்மித், மலோன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2003-இல் நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கொண்டு இந்த வரலாற்றை எழுதினார்கள். இத்துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொரு நிறுவனம் செய்ததைக் கேளுங்கள். கேமல் சிகரெட்டைத் தயாரிக்கும் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ், 1990களின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு விற்பனைத் திட்டம் தீட்டியது. தன்பாலீர்ப்பாளர் மிகுதியாக வாழும் காஸ்ட்ரோ பகுதியும், வீடற்றவர்கள் திரியும் டெண்டர்லாயின் பகுதியும் அதன் குறிகள். திட்டத்துக்கு இட்ட சுருக்கப்பெயர் ‘ஸ்கம்’. ஆங்கிலத்தில் அது கீழ்மக்களை இகழும் வசைச்சொல். கடையில் சிரித்துக்கொண்டே பொருளை நீட்டியவர்கள், அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வாடிக்கையாளருக்கு வைத்த பெயர் அது. 46 மாநிலங்கள் புகையிலை நிறுவனங்களோடு 1998-இல் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக உள் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்தன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகம் அவற்றைப் பேணி வருகிறது. அந்த ஆவணக் காப்பகம் இல்லையென்றால் இதையெல்லாம் வெறும் வதந்தி என்று தள்ளியிருப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சமூகம் கொதித்தெழுந்ததா? சிலர் எழுந்தார்கள். பலர் எழவில்லை. 2008-இல் ஆஃபன், ஸ்மித், மலோன் ஆகியோரே மொத்தம் 74 பால்புதுமையர் அமைப்புகள், இதழ்களின் தலைவர்களை நேர்கண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் புகையிலைப் பணத்தை ஏற்றிருந்தார்கள். புகையிலையை முதன்மையான உடல்நலச் சிக்கல்களில் ஒன்றாகச் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்கினர்கூட இல்லை. சாதாரண உறுப்பினர்களிடம் நடத்திய இன்னோர் ஆய்விலும் ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. சிகரெட் நிறுவனம் தங்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைப் பலர் ஓர் அங்கீகாரமாகவே பார்த்தார்கள்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் முகம் திருப்பிக்கொண்டார்கள், கோயிலும் சர்ச்சும் ஒதுக்கின, அரசு எய்ட்ஸைக் கண்டுகொள்ளவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் ஒரு பெரிய நிறுவனம் வந்து, ‘உங்கள் இதழுக்கு விளம்பரம் தருகிறோம், உங்கள் விழாவுக்குப் பணம் தருகிறோம்’ என்றால் அது மதிப்பாகத்தான் தோன்றும். இந்த மதிப்பைப் பெறுவதற்கு அவர்கள் கொடுத்த விலை நுரையீரலும் இதயமும். அவர்களை இந்த நிலைக்குத் தள்ளியதில் ஒதுக்கிய நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

‘என் உடல், என் விருப்பம்’ என்ற வாதத்தையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தங்கள் உடலின் மேல் தங்களுக்கே உரிமை என்று தலைமுறை தலைமுறையாகப் போராடிய மக்களிடம் போய், புகைபிடிக்காதே என்று கட்டளையிட்டால் அது பழைய போலீஸ்காரனின் குரலாகவே கேட்கும். இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலோர் பதின்வயதில், தங்களைத் தாங்களே ஏற்றுக்கொள்ளத் தவித்த வயதில் தொடங்கி, பிறகு விட நினைத்தும் விட முடியாமல் இருக்கிறார்கள். விட நினைத்தும் முடியாததை விருப்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் பழக்கம் உடலுக்கு என்ன செய்கிறது என்பதையும் பார்ப்போம். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களைப் பற்றி ஒரு டென்மார்க் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நல்ல சிகிச்சை கிடைக்கும் அந்த நாட்டில், தொற்றுள்ள புகைபிடிப்போர் எச்.ஐ.வி.யால் இழந்த ஆயுள் 5.1 ஆண்டுகள், புகையால் இழந்த ஆயுள் 12.3 ஆண்டுகள். எய்ட்ஸிலிருந்து பாடுபட்டு மீட்டெடுத்த உயிர்களைச் சிகரெட்டுக்குத் தாரைவார்த்திருக்கிறோம். திருநங்கையர் எடுத்துக்கொள்ளும் ஈஸ்ட்ரஜனோடு புகையும் சேர்ந்தால் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து கூடுகிறது. பால்மாற்று அறுவைக்குப் பின் புண் ஆறுவதையும் புகை தடுக்கிறது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் மருத்துவர் உட்கார வைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அதற்கு முதலில் மருத்துவமனைக்குள் அவர்கள் கூசாமல் நுழைய முடிய வேண்டும்.

புகைப்பழக்கத்தை விட உதவிய முயற்சிகள் சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்தன. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1991 முதல் நடந்துவந்த ‘தி லாஸ்ட் டிராக்’ என்ற இலவச வகுப்பு அவற்றுள் ஒன்று. தங்களைப் போன்றவர்களோடு வட்டமாக உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் பேசி, பழக்கத்தை விடுகிற ஏற்பாடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2016-இல் பால்புதுமை இளைஞர்களுக்கென்றே ஒரு பிரசாரம் தொடங்கியது. சமூகத்தவர் வழிகாட்டிக் கால் நூற்றாண்டு கழித்து வந்த முயற்சி அது.

நம் இந்தியாவுக்கு இந்த எண்களை அப்படியே தூக்கிவந்து பொருத்தக் கூடாது. இங்கே 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இதழ்களில் சிகரெட் விளம்பரத்தைத் தடுக்கிறது. இங்கே சிகரெட்டைவிடப் பீடியும் மெல்லும் புகையிலையும் அதிகம். தமிழ்நாடு 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது, உச்ச நீதிமன்றம் 2014-இல் மூன்றாம் பாலின உரிமையை ஏற்றது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியை 2018-இல் தளர்த்தியது. ஆனால் 2016–17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னபோதும், அவர்களில் தன்பாலீர்ப்பாளர் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. பாலீர்ப்பைப் பற்றிக் கேட்காத கணக்கெடுப்பால் அதைச் சொல்ல இயலாது. கேட்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும். விடை அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறவரிடம் வாசலில் நின்று கேட்டால் உண்மை வராது.

ஆகவே இளம் ஆய்வாளர்களிடம் சில வேண்டுகோள்கள். புகையிலைத் தொழிலின் பணம் எந்தப் பெயரில், எந்த அறக்கட்டளையின் வழியாக வந்தாலும் தொடாதீர்கள். பால்புதுமையரைத் தகவல் தருபவர்களாக மட்டும் வைக்காமல், கேள்வித்தாளை எழுதும்போதே உடன் உட்கார வையுங்கள். உங்கள் முடிவுகள் இதழில் அச்சாகும் முன் அந்த மக்களிடம், அவர்கள் பேசும் தமிழில் போய்ச் சேரட்டும். இந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.