நாவும் நிலையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒருவர் வாய் திறந்த அளவிலேயே அவர் இன்ன ஊரினர், இன்ன தொழிலினர், இன்ன தகுதியினர் என முடிவு கட்டிவிடுகிறோம். இத்தீவுகளில் மொழிக்கு அத்தகைய ஆற்றல் என்றும் உண்டு. 1858-இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்புக்குப் பல நாட்டுக் கைதிகள் வந்தனர். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காமையால் இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. அவர்தம் வழித்தோன்றல்கள் அதனையே தாய்மொழியாகக் கொண்டு, சாதிக் கட்டும் பெரிதும் தளர்ந்து, தனிச் சமூகமாயினர். 1918 முதல் காட்டு வேலைக்கு வந்த முண்டா, ஒராவோன், கரியா மக்களோ 'ராஞ்சி' என்னும் ஒரே பெயருக்குள் அடைபட்டனர். ஆளனுப்பிய ஊரின் பெயரே இனப்பெயராயிற்று!

நிற்க. நம்மவர்க்கு வருவோம். 2011 மக்கட் கணக்கின்படி இங்கு நூற்றுக்கு 15 பேர் தமிழ் பேசுவோர். கடைத்தெருவில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ் என வாழ்கிறோம். பிழைப்புக்கு அது வேண்டியதே. ஆயினும் அடுக்களைக்கென நாம் ஒதுக்கிய மொழியைப் பிள்ளைகள் அடுக்களை மொழியென்றே மதிப்பர். அவர்களைக் கடிந்து பயனில்லை.

இதனினும் வருந்தத்தக்கது தமிழர்க்குள்ளேயே நிலவும் படிநிலை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கையில் நாடற்றவராகி, 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். அங்கே 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர் இங்கே 'சிலோன்காரர்' ஆயினர். வெறுந் தமிழராய் இருக்க அவர்க்கு எவ்விடத்தும் இடமில்லை போலும்!

அவர்கள் 'லயம்' என்றால், 'பிரட்டு' என்றால் நாம் நகைக்கிறோம். ஆங்கிலம் சிதைந்த கூலிச் சொற்களாம். நாம் நாள்தோறும் கூறும் 'ஆபீசு', 'டூட்டி', 'ஜெட்டி' ஆகியவை எம்மொழிச் சொற்கள்? எழுத்தர் வாங்கிய கடன் நாகரிகம். தொழிலாளி வாங்கிய கடன் கொச்சை! 'கங்காணி' என்பதோ கண்காணிப்பவன் என்னும் நல்ல தமிழ்ச் சொல். ஆங்கில அகராதிக்கும் சென்றுவிட்டது. நாம் நகைப்பது சொல்லைக் கண்டன்று; அதனைச் சொல்லும் வாயைக் கண்டே.

நம் பேச்சுப் போட்டியில் 'திருத்தமான உச்சரிப்பு' என 20 மதிப்பெண் ஒதுக்கியுள்ளோம். வரும் ஆண்டு முதல் அதனை நீக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறேன். கச்சாலிலிருந்து கப்பலேறி வரும் சிறுமி தன் பாட்டியின் சொற்களிலேயே பேசட்டும். 'ஆபீசு' என்ற சிறுவனுக்கு மதிப்பெண் குறைக்காத நடுவர், 'லயம்' என்ற அவளுக்கும் குறைக்க வேண்டா.