படைவீரரின் பணி ஏட்டில் எழுத்துப் பிழை

ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவரின் பணி ஏட்டில், அதாவது அவர் படையில் சேர்ந்த நாள் முதல் விடைபெற்ற நாள் வரையிலான விவரங்களைத் தாங்கிய கோப்பில், பெயரோ பிறந்த தேதியோ மாறி இருப்பின், அது படைமுகாம் எழுத்தரின் கைப்பிழை என்றே குடும்பத்தார் கருதுவர். ஆயினும் மலாக்காவின் புக்கிட் பெருவாங், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் தோட்டப்புறங்களிலிருந்து படைக்குச் சென்ற தமிழர்களின் ஏடுகளில், அப்பிழை பல வேளைகளில் படைக்குப் போகும் முன்பே, தோட்டத்து ஆபீசிலோ பிறப்புப் பதிவேட்டிலோ நுழைந்துவிட்ட ஒன்றாக இருக்கும்.

அரச மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கே உரியதாக இருந்தமையால், 1952இல் எல்லா இனத்தவருக்குமாக அமைக்கப்பட்ட கூட்டரசு ரெஜிமெண்டிலும், சமிக்ஞை, பொறியியல், மருத்துவம், போக்குவரத்து ஆகிய துணைப் பிரிவுகளிலும் தமிழர்கள் சேர்ந்தனர். அவர்களுள் தோட்டத்தில் பிறந்தவரின் பெயரை முதன்முதலில் ரோமன் எழுத்தில் எழுதியவர் பெரும்பாலும் தோட்ட எழுத்தரான கிராணியோ தோட்ட மருத்துவமனையின் உதவியாளரான டிரெசரோ ஆவார். பழனியாண்டி என்னும் பெயரின் ழகரத்தை ஒருவர் 'எல்' என்றும் மற்றவர் 'இசட்' என்றும் எழுதலாம். முனுசாமியின் நடுவில் ஒருவர் ஒரு 'என்' இடுவார், வேறொருவர் இரண்டு இடுவார். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கும் தமிழ் வழக்கமும், மகன், தந்தை இருவர் பெயருக்கும் நடுவே 'அனாக் லெலாக்கி' (மகன்) என்பதைச் சேர்க்கும் பதிவு வழக்கமும், இறுதியில் வருவதைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் ஆங்கிலேயர் வழக்கமும் ஒரே மனிதர்மேல் கவிந்தபோது, ஒரு தாளில் பழனியாண்டியாக இருந்தவர் இன்னொரு தாளில் தம் தந்தையின் பெயரால் முனுசாமியாகவே ஆகிவிடுவதில் வியப்பில்லை. கிராணியைக் குறை கூறுவது எளிது. விடியற்காலை ஆள் கணக்கெடுப்பான பிரட்டில் காதில் விழுந்த ஒலியை அந்நிய எழுத்தில் பிடித்துச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்த அவருக்கு, ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றச் சொல்லும் விதி எதுவும் இல்லை.

பிறந்த தேதிப் பிழை இதனினும் ஆழமாக வேரோடுவது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948இல் அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டபோது, பிறப்புப் பத்திரம் கையில் இல்லாதோர் வாய்மொழியாகச் சொன்ன வயதும் ஏட்டில் ஏறியது. பின்னர் 1990இல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில், முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாளையும், அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தையும் குறிப்பனவாதலால் (மலாக்காவுக்கு 04), 1941இல் பிறந்தவர் 1939 என்று பதிவாகியிருந்தால் அவருடைய எண்ணே 39 என்று தொடங்கும். தேதியைத் திருத்தினால் எண்ணும் மாறும். எண் மாறினால் வங்கிக் கணக்கு, நிலப்பட்டா, பென்சன் ஆகிய அனைத்தும் அதைத் தொடர்ந்து மாற வேண்டும். படையில் இருப்போர் பொது அடையாள அட்டைக்கு மாற்றாகப் படை அட்டை வைத்திருப்பதும், விடைபெற்றபின் மீண்டும் பொது அட்டை எடுப்பதும் வழக்கமாதலால், அந்த மாற்றத்தின்போது இரு தாள்களும் வேறுபட்டுப் போக இடமுண்டு.

இத்தகைய வேறுபாடு எளிய சிப்பாய்க்கு மட்டும் நேர்வதன்று. இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த வி. கே. சிங்கின் பிறந்த நாள், அதே படையின் ஒரு கிளையில் 1950 மே 10 என்றும் மற்றொன்றில் 1951 மே 10 என்றும் இருந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்; 1950 என்ற கணக்கே நிலைத்து, அவ்வாண்டு மே மாத இறுதியில் ஓய்வு பெற்றார். ஒருவர் உண்மையில் என்று பிறந்தார் என்பது வேறு, பணிக்காக அரசு ஏற்றுக்கொண்ட தேதி எது என்பது வேறு என்பதை அவ்வழக்கு தெளிவாகக் காட்டியது.

ஆகவே மலேசியாவில் திருத்தம் கோருவோர் முதலில் அறிய வேண்டியது, பிழை எந்தத் தாளில் தொடங்கியது என்பதே. குடிமைப் பத்திரங்கள் யாவும் சரியாயிருந்து பணி ஏடு மட்டும் தவறாயிருப்பின், அப்பத்திரங்களோடு முன்னாள் படைவீரர் விவகாரத் துறையை நாடலாம். பிறப்புப் பதிவேடே தவறாயிருப்பின், அதைத் திருத்தாமல் மற்றவற்றைத் தொடுவது வீண் அலைச்சலாகும். 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதற்கு வழி வகுத்துள்ளது: பிழையின் தன்மையையும் உண்மை விவரத்தையும் கூறும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தை, அவ்வுண்மையை அறிந்த நம்பத்தகுந்த இருவர் அளித்தல் வேண்டும். சத்தியப் பிரமாணம் என்பது, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ கையொப்பமிடும் எழுத்து மூல உறுதிமொழியாகும். பழைய பதிவு அழிக்கப்படுவதில்லை. திருத்தம் அதன் ஓரத்தில் எழுதப்படும். எண்பது வயதைக் கடந்தவரின் பிறப்பை நேரில் அறிந்த இருவர் இன்று கிடைப்பது அரிதாதலால், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பழைய செக்ரோல், மருத்துவமனைக் குறிப்பு ஆகியவை துணைச் சான்றாகப் பெருமதிப்புப் பெறுகின்றன. படையில் சேர்வதற்கு முன் எழுதப்பட்ட தாளுக்கு, பின்னால் எழுதப்பட்டதைவிட எடை மிகுதி.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் தகும். பதினேழு வயதில் பதினெட்டு என்று கூறிப் படையில் சேர்ந்தவரின் தேதி எழுத்தரின் பிழையன்று. அது அவரே அளித்த வாக்குமூலம். அதனைக் கைப்பிழை எனக் காட்டிச் சத்தியப் பிரமாணம் செய்வது குற்றமாகும். நடந்ததை நடந்தபடியே கூறுவதே அங்கு உகந்தது.

ஓராண்டு பிசகினால் என்ன என்று எண்ணுவோர் பென்சன் கணக்கைப் பார்த்தல் வேண்டும். அதிகாரியல்லாத பதவிநிலையினர் பென்சனுக்குத் தகுதி பெற 21 ஆண்டுப் பணி தேவை என்னும் விதியின்கீழ், பிறந்த தேதியைவிடச் சேர்ந்த தேதியில் நேரும் பிழையே பெரிய இழப்பைத் தரும்.

வீரர் மறைந்தபின் மனைவிக்குரிய குடும்ப பென்சனிலோ சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி வாழ்ந்த பலர் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தபோது, அதற்கு முன்னர் சமய வழக்கப்படி செல்லுபடியாக நடந்த திருமணங்களை அது ஏற்றுக்கொண்டது. எனவே சான்றிதழ் இல்லை என்பதனாலேயே மனைவி உரிமை இழப்பதில்லை. ஆயினும் கணவரின் ஏட்டில் அவர் 'லெட்சுமி' என்றும் தம் மைகார்டு அடையாள அட்டையில் 'மகாலெட்சுமி' என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் மேலேயே விழும். அந்தப் பெயர் வேறுபாட்டைக் கணவர் உயிரோடிருக்கும்போதே, அவருடைய கையொப்பத்தோடு சரிசெய்துகொள்வது மிக எளிது.