வெளியே ஏன் தெரியவில்லை?



"சார், புரோகிராம் ஓடுது; ஆனா வெளியிலிருந்து திறக்க முடியலை." 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன புகார் இது.

உடனே பயர்வாலை முழுசாகத் திறந்துவிடுபவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கோளாறு வேறிடத்தில் என்றால் அது அப்படியே இருக்கும். திருடனுக்கு மட்டும் வாசல் திறந்திருக்கும்.

உள்ளேயிருந்து வெளியே படிப்படியாக வாருங்கள். முதலில், புரோகிராம் குடியிருக்கும் பாட். அது 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், போர்ட்-ஃபார்வேர்டு செய்யும்போது நன்றாக வரும். சர்வீஸ் வழியாக வராது. 0.0.0.0 என்று மாற்றுங்கள்.

அடுத்து, பாட்களுக்கு வழிகாட்டும் சர்வீஸ். அதன் எண்ட்பாயிண்ட் பட்டியல் காலியா? லேபிளும் செலக்டரும் பொருந்துகின்றனவா, பாட் 'ரெடி' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, சர்வீஸின் வகை. நாம் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அது கிளஸ்டர்ஐபி. கிளஸ்டருக்கு உள்ளே மட்டும்தான் பேசும். நோட்போர்ட் என்றால், வழக்கமாக 30000 முதல் 32767-க்குள் ஓர் எண் கிடைக்கும். கடைசியாக, அந்த எண்ணுக்கு மட்டும் பயர்வாலில் வழிவிடுங்கள்.

பிழைச் செய்தியையும் படியுங்கள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் வீடு வரை போயாச்சு, கதவைத் திறக்க ஆளில்லை. 'டைம்ட் அவுட்' என்றால் பெரும்பாலும் வழியிலேயே மறிச்சுட்டாங்க.

தம்பி தங்கைகளே, கருவிகள் மாறும். எந்தப் படிவரை சரியாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் ராத்திரி இரண்டு மணிக்கு நம்பிக் கூப்பிடுவார்கள்.